குளிர் காணாமல் கதிர் வாங்காத கோதுமை: வாசகர் கேள்வி–பதில்

பழைய கோதுமை ரகங்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: "செடி நன்றாக வளர்கிறது, கதிர் மட்டும் வரவில்லை." ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

டர்க்கி ரெட் என்ற பழைய ரகத்தின் விதை வாங்கி, பனி உருகியதும் மே மாதம் வீட்டுத் தோட்டத்தில் விதைத்தேன். ஜூலை முடியப்போகிறது. அடர்த்தியாகத் தூர் கட்டியிருக்கிறது, ஆனால் புல்தரை மாதிரிப் படர்ந்தே கிடக்கிறது. உரம் போதவில்லையா?
– வாசகர், டொரன்டோ

உரத்தில் குறையில்லை. நீங்கள் விதைத்தது குளிர்காலக் கோதுமை. விதைத்த மாதமோ வசந்தகாலக் கோதுமைக்கு உரியது. 1874-ல் மென்னோனைட் குடியேறிகள் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியிலிருந்து அமெரிக்காவின் கேன்சஸுக்குக் கொண்டுவந்த ரகம் டர்க்கி ரெட். இலையுதிர்காலத்தில் முளைத்து, பனிக்கடியில் கிடந்து, அடுத்த கோடையின் தொடக்கத்தில் கதிர் வாங்குவதுதான் அதன் வழக்கம். முளைத்த செடி சில வாரங்கள் 0 முதல் 10 டிகிரி வரையான குளிரை அனுபவித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இலை விடும், தூர் விடும், தண்டு மட்டும் நீளாது. பாடநூல்கள் இதைத் தட்பப்பதனம் என்கின்றன. ஆய்வுக்கூடங்களில் வெர்னலைசேஷன் என்ற சொல்தான் புழக்கம்.

இதைச் செடியின் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். வளர்நுனி மண்ணுக்குள் இலை உண்டாக்கும் நிலையில் இருக்கும்வரை கடும் உறைபனியையும் தாங்கும். கதிராக மாறி மேலே ஏறிவிட்டால் ஓர் இரவுப் பனி போதும், கருகிவிடும். அக்டோபரில் வரும் நாலு நாள் வெயிலை நம்பிப் பூத்த செடிக்குச் சந்ததி கிடையாது. ஆகவே "குளிர்காலம் உண்மையிலேயே கடந்துவிட்டதா" என்று எண்ணிப் பார்த்த பிறகே செடி அடியெடுத்து வைக்கிறது.

சந்தேகமிருந்தால் ஒரு தூரை வேரோடு பிடுங்கி, இலையுறைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போங்கள். கடைசி இரண்டு மூன்று உறைகளுக்கு ஊசிமுனை வேண்டும். உள்ளே குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, ஈரம் பளபளக்கும் ஒரு நுனி தெரியும். 20 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். மழமழவென்று குட்டையான குமிழாக இருந்தால் இன்னும் இலைதான் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. நுனி நீண்டு, பக்கவாட்டில் வரிகள் இரட்டை இரட்டையாக எழும்பி, கீழ்வரி அடங்கி மேல்வரி பருத்திருந்தால் கதிர் பிறந்துவிட்டது என்று பொருள். அந்த மேல்வரி ஒவ்வொன்றும் ஒரு சிறுகதிராகும். உங்கள் செடியில் இப்போது முதல் வகையைத்தான் பார்ப்பீர்கள்.

இருக்கும் செடிகளை அறுத்து மூடாக்காகப் போட்டுவிடுங்கள். அப்படியே விட்டால் குளிர்காலம் தாண்டி அடுத்த ஆண்டு கதிர் வரலாம்; ஆனால் முற்றிய தழையில் நோய் சேர்ந்துவிடும். மீதி விதையைச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் பத்து நாட்களிலோ 3 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். தரை உறைவதற்குள் மூன்று இலையும் ஓரிரு தூரும் வந்திருந்தால் போதும். ஆகஸ்டிலேயே அவசரப்பட வேண்டாம். அசுவினி சுமந்துவரும் மஞ்சள் குட்டை வைரஸ் இளஞ்செடியைப் பிடித்துக்கொள்ளும்.

குளிரை உணர்ந்து கணக்கு வைத்துக்கொள்வது எந்த மரபணு? எங்கள் புத்தகத்தில் அராபிடாப்சிஸ் என்ற சிறிய கடுகினச் செடியை வைத்து விளக்கியிருக்கிறார்கள். கோதுமைக்கும் அதேதானா?
– தாவரவியல் மாணவி, மதுரை

இல்லை. நல்ல வேளையாகக் கேட்டீர்கள், ஏனென்றால் இதில் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. அராபிடாப்சிஸிலும் வெர்ன்-1, வெர்ன்-2 என்று மரபணுக்கள் உண்டு, கோதுமையிலும் உண்டு. பெயர்தான் ஒன்று, மரபணுக்கள் வேறு வேறு. அராபிடாப்சிஸில் குளிர் எஃப்.எல்.சி. என்ற தடை மரபணுவை அடக்குகிறது. புல்லினம் பூப்பைப் பூட்டுவதற்குத் தனியாக வேறொரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

கோதுமையில் மூன்றை நினைவில் வையுங்கள். மூன்றையும் 2003, 2004, 2006 ஆண்டுகளில் பிரித்தெடுத்து வெளியிட்டது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கி நடத்தும் ஆய்வுக்குழு. ஆய்வுக் கட்டுரைகளின் முதல் ஆசிரியர் லியுலிங் யான்.

வெர்ன்-3 பூக்கச் சொல்லும் தூதன். இலையில் உருவாகும் இந்தப் புரதம் சல்லடைக்குழாய் வழியாக வளர்நுனிக்குப் போகிறது. வெர்ன்-2 அந்தத் தூதனை இலையிலேயே தடுத்து வைக்கும் காவல்காரன். நீண்ட பகலில் இதன் கை ஓங்கும். வெர்ன்-1 குளிரைக் கணக்கிடும் மரபணு. இலையுதிர்காலத்தில் இது ஏறக்குறைய ஊமையாக இருக்கும். குளிர் தொடங்கியதும் வாரத்துக்கு வாரம் இதன் வெளிப்பாடு படிப்படியாக ஏறும். அந்த இடத்தில் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து "மூடிவை" என்ற வேதிக்குறி குறைந்து, "திறந்துவை" என்ற குறி கூடுகிறது. செல் பிரிந்தாலும் இந்தக் குறிகள் கூடவே போவதால்தான், குளிர் நின்று வெயில் வந்த பிறகும் செடி அதை மறப்பதில்லை.

வெர்ன்-1 போதிய அளவு ஏறியதும் வெர்ன்-2-ஐ அடக்கும். காவல் விலகியது. வசந்தத்தில் பகல் நீள நீள, அதை உணரும் ஒளிக்கால மரபணு வெர்ன்-3-ஐத் தூண்டும். தூதன் நுனிக்குப் போய்ச் சேர்ந்து அங்கே வெர்ன்-1-ஐ இன்னும் உயர்த்தும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும் இந்தச் சுழற்சி ஓடத் தொடங்கினால் திரும்பி வரவே முடியாது. இலை உண்டாக்கிய நுனி கதிராகிவிடும்.

ஒரு ரகத்துக்கு 4 வாரம் போதும், இன்னொன்றுக்கு 8 வாரமும் போதாது என்பதற்கு ஒரு காரணம் 2012-ல் தெரியவந்தது. சில குளிர்கால ரகங்களில் ஏ மரபுத்தொகுதியின் (கோதுமையிலுள்ள குரோமோசோம் தொகுப்புகளில் ஒன்று) வெர்ன்-1 ஒரு பிரதியாக இல்லாமல், அடுத்தடுத்து இரண்டு மூன்று பிரதிகளாக இருக்கிறது. பிரதி கூடினால் கேட்கும் குளிரும் கூடுகிறது.

குளிர் கேட்கும் குணம்தான் ஆதி என்றால், குளிரே கேட்காத ரகங்கள் எப்படி வந்தன? கலப்பு செய்தால் எந்த விகிதத்தில் பிரியும்?
– பயிர்ப் பெருக்கம் படிப்பவர், கோயம்புத்தூர்

காட்டுக் கோதுமைகள் பெரும்பாலும் குளிர் கேட்பவைதாம். வசந்தகாலக் குணம் பிற்பாடு, பல இடங்களில், பல தடவை தனித்தனியாகத் தோன்றிய திரிபு. வெர்ன்-1-ஐ ஊமையாக்கி வைக்கும் பகுதி மரபணுவை இயக்கும் அதன் முன்பகுதியிலும் (புரோமோட்டர்), முதல் இன்ட்ரானிலும் (மரபணுவுக்குள் இருந்தும் புரதமாக மாறாத துண்டு) இருக்கிறது. அங்கே ஒரு துண்டு புகுந்தாலோ, இன்ட்ரானில் சில ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போனாலோ, அந்த மரபணு குளிருக்குக் காத்திராமல் தானாகப் பேசத் தொடங்கும். பேசுகிற பிரதி ஒன்று இருந்தாலே போதும். மற்றவை ஊமையாக இருப்பது பொருட்டல்ல. அதனால் வெர்ன்-1-ல் வசந்தக் குணம் ஓங்கிய பண்பு.

ரொட்டிக் கோதுமைக்கு ஏ, பி, டி என மூன்று மரபுத்தொகுதிகள். மூன்றிலும் ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கையில் வெர்ன்-1 உண்டு. வசந்த ரகம் ஓரிடத்தில் மட்டும் ஓங்கிய அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்) வைத்திருந்தால், குளிர்கால ரகத்தோடு கலந்த இரண்டாம் தலைமுறையில் வசந்தம் 3, குளிர்காலம் 1. இரண்டு இடங்களில் இருந்தால் 15-க்கு 1. மூன்றிலும் இருந்தால் 63-க்கு 1. ஆகவே இருபது செடி மட்டும் வளர்த்துப் பார்த்து "எல்லாமே வசந்தம்" என்று எழுதிவிடாதீர்கள். 15-க்கு 1 விகிதத்தில் இருபது செடியில் ஒரு குளிர்காலச் செடிகூட வராமல் போவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

வெர்ன்-2-ல் கணக்கு தலைகீழ். அது காவல்காரன், ஒரு நல்ல பிரதி இருந்தாலே காவல் நிற்கும். ஒரே மரபுத்தொகுதி கொண்ட இருமய ஐன்கார்ன் கோதுமையில் வெர்ன்-2 முழுவதும் தொலைந்து வசந்த ரகம் ஆனவை உண்டு. அவற்றைக் குளிர்கால ஐன்கார்னோடு கலந்தால் குளிர்காலம் 3, வசந்தம் 1. மூன்று தொகுதி கொண்ட அறுமய ரொட்டிக் கோதுமையில் செயல்படும் எல்லாப் பிரதியும் கெட்டால்தான் காவல் போகும் என்பதால், அங்கே இந்த வழியில் வசந்த ரகம் பிறப்பது அரிது.

நமது துணைக்கண்டத்துக்கென்றே ஒரு திரிபும் உண்டு. வெர்ன்-டி4 என்று பெயர். ஏ தொகுதியின் ஐந்தாம் குரோமோசோமிலிருந்து வெர்ன்-1 அடங்கிய, ஏறக்குறைய 2,90,000 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று பிரதியாகி, டி தொகுதியின் ஐந்தாம் குரோமோசோமின் குட்டைக் கையில் போய் ஒட்டிக்கொண்டது. 2015-ல் இது வெளியானது. உருண்டை மணியும் குட்டைத் தண்டும் கொண்ட ஸ்பேரோகோக்கம் என்ற பழைய தெற்காசியக் கோதுமையில் இந்தத் திரிபு பரவலாக இருக்கிறது. வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் காலங்காலமாக விளைந்த இனம் அது. இன்று பஞ்சாபில் பைகம்பரி, சோனா மோத்தி என்ற பெயர்களில் விற்கிறார்கள். ஒரு துண்டு இடம் மாறியதால் ஒரு பயிரின் பருவமே மாறியது என்பது எங்களுக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஃபிரிட்ஜில் வைத்தே குளிர் கொடுக்க முடியும் என்கிறார்களே. எப்படிச் செய்வது? நான் விதைப் பொட்டலத்தை இரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதைத்தேன், பலன் இல்லை.
– வாசகர், பெங்களூரு

காய்ந்த விதை குளிரை எண்ணாது. உயிர்ப்பு ஓடும் செல்தான் எண்ணும். அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். உங்கள் பொட்டலம் இரண்டு மாதம் பத்திரமாகத் தூங்கியது, அவ்வளவே.

செய்யும் முறை இது. ஐம்பது விதைகளை 1 சதவீத ப்ளீச் கரைசலில் ஐந்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். சாதாரண அறையில் 12 மணி நேரம் ஊறட்டும். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூ தாளை இரண்டு மடிப்பாக விரித்து நனைத்து, தேங்கும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, விதைகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். அறையிலேயே ஒரு நாள் விட்டால் கருப்பகுதியில் வெள்ளைப் புள்ளியாக வேர் எட்டிப்பார்க்கும். அப்போது ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அதற்குமேல் தாமதித்தால் உள்ளே முளை நீண்டு சிக்கிக்கொள்ளும், நடும்போது ஒடியும்.

இடம் முக்கியம். கதவுத் தட்டு திறக்கும்போதெல்லாம் சூடாகும். நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டரை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். 4 முதல் 6 டிகிரி இருந்தால் சரி. கோதுமைக்கு ஏறத்தாழ 5 டிகிரிதான் மிகச் சிறந்தது. 10 டிகிரியில் வேகம் குறையும், 15, 16 டிகிரியில் பயனே இல்லை. டர்க்கி ரெட் மாதிரியான ரகத்துக்கு 8 வாரம் கொடுத்துவிடுங்கள். கூடுதலாகக் கொடுத்தால் கெடுதலில்லை; குறைத்தால்தான் பாதிச் செடி பூக்கும், பாதி தயங்கும்.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். தாள் காய்ந்திருந்தால் சில துளி குளிர்ந்த நீர் தெளியுங்கள். சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்த விதையை உடனே எடுத்தெறியுங்கள். பக்கத்து விதைகளைக் கழுவி, தாளை மாற்றுங்கள். பெரும்பாலும் உடைந்த மணியில்தான் பூஞ்சணம் தொடங்கும். ஆகவே முழு மணிகளை முதலிலேயே பொறுக்கிக்கொள்வது நல்லது.

பலர் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில். குளிரிலிருந்து எடுத்த நாளே 30 டிகிரி வெயிலில் நட்டால், சேர்த்துவைத்த குளிரின் பயன் அழிந்துபோகலாம், குறிப்பாகக் குறைந்த நாட்களே குளிர் கொடுத்திருந்தால். முதல் ஐந்து நாள் 12 முதல் 18 டிகிரி உள்ள இடத்தில், நிழலில் வைத்திருங்கள். வெளிறிய முளை பச்சை பிடித்ததும் வெளிச்சத்துக்கு மாற்றலாம். பெங்களூரில் டிசம்பர், ஜனவரியில் எடுக்கும்படி கணக்குப் போட்டு, அக்டோபரில் ஊறவைக்கத் தொடங்குங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் முடியுமா?
– வாசகி, சேலம்

முடியாது. உறைநிலைக்கு ஓரிரு டிகிரி கீழே போனாலே எண்ணுவது நின்றுவிடும். ஊறிய விதையை ஃப்ரீசரின் –18 டிகிரியில் வைத்தால் கருவே செத்துவிடும்.

குளிர் கொடுத்த செடியில் எடுத்த விதைக்கு மறுபடி குளிர் தேவையில்லை, குணம் மாறிவிடும் என்று ஒரு பேச்சில் கேட்டேன். உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

உண்மையில்லை. வெர்ன்-1 மேல் குளிர் எழுதிய குறிகள் அடுத்த தலைமுறை விதை உருவாகும்போது துடைக்கப்படுகின்றன. ஒவ்வொரு தலைமுறையும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பேச்சுக்கு ஒரு துயரமான வரலாறு உண்டு. குளிர்காலத் தானியங்களுக்குக் குளிர் ஏன் வேண்டும் என்பதை ஜெர்மானியர் குஸ்டாவ் காஸ்னர் 1918-லேயே முறையாக எழுதிவிட்டார். பத்தாண்டு கழித்து சோவியத் நாட்டில் ட்ரோஃபிம் லைசெங்கோ, ஈரவிதைக்குக் குளிர் கொடுத்து வசந்தத்தில் விதைக்கும் முறைக்கு யாரோவிசாட்சியா என்று பெயரிட்டுப் பரப்பினார். குளிர் கொடுத்தால் குளிர்காலக் கோதுமை அதே பருவத்தில் பூக்கும் என்ற அளவில் அது சரி. ஆனால் மூட்டை மூட்டையாக ஈரவிதையைப் பல வாரம் கிளறிக்கொண்டிருந்தால் முளை ஒடியும், பூஞ்சணம் பிடிக்கும், முளைப்புத்திறன் விழும். அதைவிடப் பெரிய பிழை, இந்தக் குணம் பரம்பரையாகிவிடும் என்று அவர் அடித்துச் சொன்னது. 1935-ல் கூப்பரேட்டர்கா என்ற குளிர்கால ரகத்தை வசந்த ரகமாக மாற்றியதாக அறிவித்தார். தொடங்கியது இரண்டே செடிகளில். அதிலும் ஒன்று செத்துப்போனது. ஒரு செடியை வைத்து எதையும் நிறுவ முடியாது. விதையில் கலப்பு இருந்திருக்கலாம். ஓங்கிய வசந்த அல்லீல் ஏதோ வழியில் வந்திருக்கலாம். லைசெங்கோவை எதிர்த்த, உலகமெங்கும் சுற்றிப் பயிர் ரகங்களைத் திரட்டிய நிகோலாய் வவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சரடோவ் சிறையில் இறந்தார்.

உங்கள் சோதனையிலேயே ஏமாற்றக்கூடிய ஒன்றும் உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் மணி பால் பிடித்து முற்றும் நாட்களில் குளிர் அடித்தால், தாய்ச்செடிக் கதிரிலேயே விதைக்குள் இருக்கும் கரு குளிரை எண்ணத் தொடங்கிவிடும். அந்த விதை சீக்கிரம் பூப்பதைப் பார்த்து "குணம் மாறிவிட்டது" என்று தோன்றும். அதன் அடுத்த தலைமுறையை வெப்பமான இடத்தில் வளர்த்துப் பார்த்தால் பழைய குணம் தெரிந்துவிடும்.

எட்டு வாரம் சரியாகக் குளிர் கொடுத்து உதகையில் நட்டோம். அப்படியும் பூக்க மிகவும் தாமதம். இனி என்ன?
– வாசகர், உதகமண்டலம்

பகல் நீளம். குளிர் என்பது முதல் பூட்டு மட்டும்தான். கேன்சஸில் கதிர் வரும் காலத்தில் பகல் 14 மணி நேரத்துக்கு மேல். உதகையில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12¾ மணி. ஒளிக்காலம் கேட்கும் பழைய ரகத்துக்கு இது போதாது. மாலையில் எல்.இ.டி. விளக்கு போட்டு மொத்த வெளிச்சத்தை 16 மணியாக்குங்கள்.

பகல் நீளம் கேட்காத ரகங்களில் பல, டி தொகுதியின் ஒளிக்கால மரபணுவுக்கு முன்னால் 2,089 எழுத்துகள் விடுபட்டவை. ஜப்பானின் அகாகோமுகி என்ற பழைய ரகத்திலிருந்த இந்தத் திரிபை, இத்தாலியர் நசரேனோ ஸ்ட்ரம்பெல்லி 1913 கலப்பின் வழியாகத் தம் ரகங்களுக்குள் கொண்டுவந்தார். இன்னொன்று: விதை வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் கட்டாயம். நீலகிரியில் தண்டுத்துரு நோய்க்கு ஆண்டு முழுவதும் இடமுண்டு. தெரியாத விதையை அங்கே கொண்டுவந்து விடக்கூடாது.

நம் சம்பா கோதுமைக்கும், சம்பா நெல்லுக்கும் குளிர் வேண்டுமா?
– வாசகி, திருவண்ணாமலை

இரண்டுக்கும் வேண்டாம். சம்பா கோதுமை வடக்கே கப்லி எனப்படும் எம்மர் வகை. இங்கே பயிராவது வசந்தக் குணமுள்ளது. பட்டம் பார்க்கும் பழைய சம்பா நெல் குளிரை எண்ணுவதில்லை, பகல் குறைவதை எண்ணுகிறது. நெல்லில் பூப்பைத் தள்ளிவைக்கும் ஜி.எச்.டி.7 என்ற மரபணுவும் கோதுமையின் வெர்ன்-2-உம் உறவுக்காரப் புரதங்களை உண்டாக்குபவை.

பெயர் தெரியாத பழைய கோதுமை விதை கைவசம் இருக்கிறது. என்ன வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– விதை சேகரிப்பாளர், ஈரோடு

உண்டு, ஆறு மாதப் பொறுமை வேண்டும். விதைகளை நான்கு கூறாக்குங்கள்: 8 வாரம், 4 வாரம், 2 வாரம், குளிரே இல்லை. எட்டு வாரக் கூற்றை முதலில் ஊறவைத்து, மற்றவற்றை அதனதன் கணக்குக்குப் பின்தள்ளி, நான்கையும் ஒரே நாளில் நடவேண்டும். வேறு வேறு நாளில் நட்டால் வெயிலின் வேறுபாட்டை விதையின் குணம் என்று எண்ணிவிடுவீர்கள். கூறுக்குப் பத்துச் செடியாவது இருக்கட்டும். 16 மணி வெளிச்சம், 20 டிகிரியை ஒட்டிய வெப்பம்.

நாளை எண்ணாதீர்கள், தாய்த்தண்டின் இலையை எண்ணுங்கள். நாள் வெப்பத்தால் கூடும் குறையும். இலைக் கணக்கு அவ்வளவு எளிதில் மாறாது. மூன்றாம் இலை, ஆறாம் இலை, ஒன்பதாம் இலை என்று அழியாத மையால் புள்ளி வையுங்கள், ஏனென்றால் அடியிலைகள் காய்ந்து உதிர்ந்துவிடும். கதிருக்குக் கீழுள்ள கொடியிலையோடு எண்ணி முடியுங்கள்.

நான்கு கூறுகளிலும் ஏழு முதல் ஒன்பது இலையில் கதிர் வந்தால் வசந்த ரகம். குளிர் காணாத கூறு பதினைந்து, இருபது இலை வரை போய், எட்டு வாரக் கூறு ஒன்பதில் நின்றால் குளிர்கால ரகம். இரண்டு வாரக் குளிருக்கே பெரிய மாற்றம் தெரிந்தால் இடைப்பட்ட வகை. ஒரே கூற்றுக்குள் சில செடி முந்தி, சில செடி பிந்தி வந்தால் உங்கள் சோதனை தவறு என்று எண்ண வேண்டாம். பழைய நாட்டு ரகங்கள் பல குணங்கள் கலந்த கூட்டம். ஆர்தர் வாட்கின்ஸ் 1920, 30-களில் 32 நாடுகளிலிருந்து திரட்டி, இன்று இங்கிலாந்தின் நாரிச்சில் ஜான் இன்னஸ் மையம் பாதுகாக்கும் 800-க்கும் மேற்பட்ட நாட்டுக் கோதுமைகளுக்கு மதிப்பே இந்த வேறுபாட்டில்தான். முந்தியதையும் பிந்தியதையும் தனித்தனிக் கவரில் போட்டு, இலை எண்ணிக்கையை மேலே எழுதி வையுங்கள்.